ஸ்லைடரின் வேகத்தில் ஒரு படம்

படத்திருத்த மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டும் ஸ்லைடரை நகர்த்தியதும் திரையில் மாறித் தெரியும் படத்துக்கு முன்காட்சி என்று பெயர். அது புகைப்படமே அல்ல. புகைப்படம் இறுதியில் எப்படி இருக்கும் என்பதற்கு மென்பொருள் அவசரமாகப் போட்டுக் காட்டும் மாதிரி. 24 மெகாபிக்சல் கேமரா தரும் படத்தில் 6000 × 4000, அதாவது 2.4 கோடி புள்ளிகள் இருக்கும். அதே படத்தை 1920 × 1080 அளவுள்ள கணினித் திரையில் முழுதாகத் தெரியும்படி வைத்தால் 1620 × 1080 இடத்தில் அடங்கிவிடும், சுமார் 17.5 லட்சம் புள்ளிகள். கோப்பில் உள்ளதில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வருகிறது. முன்காட்சியை விரைவுபடுத்தும் உத்திகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறந்தவை. பார்க்கப்படாத புள்ளியைக் கணக்கிடாமல் விடுவது அவற்றின் அடிப்படை. எதை விடலாம், எதை விட்டால் முன்காட்சி பொய் சொல்லத் தொடங்கும் என்று பிரித்தறிவதுதான் கடினம்.

எவ்வளவு விரைவு போதும் என்பதற்கு மனித உடலே அளவுகோல். கணினியின் மறுமொழி நேரம் குறித்து ராபர்ட் மில்லர் 1968இல் எழுதிய ஆய்வுரையும், 1993இல் ஜேக்கப் நீல்சன் தம் நூலில் தொகுத்துச் சொன்னதும் 0.1 வினாடி என்ற எல்லையைச் சுட்டுகின்றன. அதற்குள் திரை மாறிவிட்டால், தன் கைதான் படத்தை மாற்றுகிறது என்று மனம் ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டினால், கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் உணர்வு வந்துவிடும். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு காட்சிக்கும் 16.7 மில்லிவினாடி கிடைக்கிறது. இழுக்க இழுக்கப் படம் வழுக்கிக்கொண்டு மாற வேண்டுமானால் வேலை இதற்குள் முடிய வேண்டும்.

இது வெறும் சௌகரியம் பற்றிய விஷயம் அல்ல. நிறத்தைச் சரிசெய்பவர் ஸ்லைடரைச் சற்று அதிகமாகத் தள்ளி, மிகை என்று கண்டு, பின்னால் இழுத்து, மீண்டும் சிறிது முன்னே நகர்த்தி, ஊசலாடித்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கிறார். படம் அரை வினாடி பின்தங்கினால் அந்த ஊசலாட்டம் குலைந்துபோகும். கை ஓரிடத்தில் இருக்க, கண் பழைய இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். மெதுவான முன்காட்சி நேரத்தை மட்டும் தின்பதில்லை, படத்தையும் கெடுக்கும்.

வேலை தொடங்கும் இடம் ராக் கோப்பு, அதாவது கேமரா அளந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு. கேமராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களின் நடுவில் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, புள்ளிகளில் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம் என வடிகட்டிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் இல்லாத மற்ற இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து ஊகித்து நிரப்பிய பிறகே அது வண்ணப்படமாகிறது. நல்ல தரத்தில் நிரப்புவதற்குக் கணிசமான நேரம் பிடிக்கும்.

ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டு வந்தவரிடம் சில ஆயிரம் படங்கள் இருக்கும். அவற்றில் கண் மூடியவை, ஆடியவை, ஒன்றுபோல் பத்து எடுத்தவை ஆகியவற்றைக் கழிப்பதே முதல் வேலை. அந்தக் கட்டத்தில் ராக் கோப்பை முழுதாகத் திறப்பது வீண். பெரும்பாலான கேமராக்கள் ராக் கோப்புக்குள்ளேயே, தாமே பதப்படுத்திய ஜேபெக் படம் ஒன்றையும் வைத்து அனுப்புகின்றன. கேமராவின் முதுகில் உள்ள சிறு திரையில் தெரிவது அதுதான். ஃபோட்டோ மெக்கானிக் போன்ற தேர்வு மென்பொருள்கள் பெயர் வாங்கியது அந்த உள்ளிருப்பை உருவி எடுத்துக் காட்டித்தான். ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சில படங்களைப் பின்னணியில் திறந்து வைத்துக்கொண்டால், அம்புக்குறியை அழுத்தியதும் படம் தயாராக நிற்கும். இதற்குச் சிக்கலான கணிதம் எதுவும் வேண்டியதில்லை. ஆயினும் அன்றாட வேலையில் இவ்வளவு நேரம் மிச்சம் பிடித்துத் தரும் உத்தி வேறு குறைவு.

திருத்தத் தொடங்கியதும் உள்ளிருக்கும் ஜேபெக் போதாது. அசல் அளவீடுகளே தேவை. அங்கும் ஒரு குறுக்குவழி உண்டு. பேயர் கட்டத்தில் 2 × 2 சதுரம் ஒன்றை எடுத்தால் அதில் ஒரு சிவப்பு, ஒரு நீலம், இரண்டு பச்சை இருக்கும். பச்சை இரண்டையும் சராசரியாக்கி, நான்கையும் சேர்த்து ஒரே வண்ணப்புள்ளியாக்கிவிட்டால் ஊகித்து நிரப்ப வேண்டிய அவசியமே எழாது. நீளமும் அகலமும் பாதியாகி 3000 × 2000 படம் கிடைக்கும். திரைக்கு வேண்டியதைவிட அதுவே அதிகம். டேவ் காஃபின் 1997 முதல் எழுதிவந்த டிசிரா என்ற நிரலில் இதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. பல மென்பொருள்களுக்கு மூலமாக அமைந்த நிரல் அது.

ஜேபெக் கோப்பிலும் இப்படியொரு வசதி ஒளிந்திருக்கிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட தனித்த கொசைன் மாற்றம் என்னும் கணித முறைமீது எழுப்பப்பட்டதுதான் ஜேபெக். படம் 8 × 8 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு சதுரமும் 64 எண்களாக மாற்றப்படுகிறது. முதல் எண் அந்தச் சதுரத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்கிறது. மற்ற 63 எண்கள் அதற்குள் உள்ள நுணுக்கங்களைச் சொல்கின்றன. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் எட்டில் ஒரு பங்கு நீளமும் அகலமும் கொண்ட சிறுபடம் தானாகவே கிடைத்துவிடும். 6000 × 4000 படம் 750 × 500 ஆகும். இன்னும் சில எண்களைச் சேர்த்தால் கால் அளவு, பாதி அளவு. முழுதாக விரித்துவிட்டுப் பிறகு சுருக்குவதைவிட இது பல மடங்கு மலிவு. ஆனால் 64 மடங்கு வேகம் கிடைத்துவிடாது. எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக் கட்டப்பட்டிருப்பதால், வேண்டாத 63ஐயும் படித்துக் கடந்தால்தான் அடுத்த சதுரத்தின் முதல் எண்ணை அடைய முடியும்.

பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கும் வேலைக்கு ஒரே ஒரு சிறுபடம் போதாது. கோயில் கோபுரத்தின் நிலைகள் மேலே போகப் போகக் குறுகுவதுபோல, ஒரே படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று அடுக்கடுக்காகச் சுருக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறார்கள். 1983இல் பீட்டர் பர்ட், எட்வர்ட் ஏடெல்சன் இருவரும் படப் பிரமிட் குறித்து எழுதினார்கள். அதே ஆண்டில் லான்ஸ் வில்லியம்ஸ் முப்பரிமாணக் கணினிப் படங்களுக்காக மிப்மாப் என்ற அடுக்கு முறையை வெளியிட்டார். இத்தனை நகல்களுக்கு இடம் எங்கே என்று தோன்றலாம். ஒவ்வொரு அடுக்கிலும் கீழ் அடுக்கின் கால் பங்குப் புள்ளிகள்தான் இருக்கும். கால், பதினாறில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் மொத்தம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. அந்தக் கூடுதல் இடத்தைக் கொடுத்துவிட்டால், எந்த அளவில் பார்த்தாலும் அதற்கு மிக நெருக்கமான அடுக்கு தயாராக இருக்கும். போட்டோஷாப்பின் விருப்ப அமைப்புகளில் காணும் தற்காலிகச் சேமிப்பு அடுக்குகளின் எண்ணிக்கை இந்தக் கோபுரத்தின் நிலைகளைத்தான் குறிக்கிறது.

போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வெளிவந்தபோது மேசைக் கணினிகளின் நினைவகம் சில மெகாபைட்தான். அச்சுக்கான பெரிய படத்தில் ஒரு திருத்தம் செய்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகும் நிலை அன்று இருந்தது. 1990களில் வந்த லைவ் பிக்சர் என்ற மென்பொருள் இந்தச் சிக்கலை வேறொரு கோணத்தில் பார்த்தது. பயனர் செய்யும் திருத்தங்களைப் படத்தின் புள்ளிகளில் எழுதாமல், கணக்குக் குறிப்புகளாகத் தனியே பதிந்து வைத்தது. திரையில் தெரியும் பகுதிக்கு, தெரியும் அளவில் மட்டும் அந்தக் குறிப்புகளை நிறைவேற்றிக் காட்டியது. முழுப்படத்துக்கான கணக்கு, வேலை முடிந்து அச்சுக்கு அனுப்பும்போது ஒரே ஒரு முறை நடந்தது. அந்த மென்பொருள் சந்தையில் நீடிக்கவில்லை. அதன் எண்ணம் நிலைத்துவிட்டது. 2005இல் வந்த ஆப்பிளின் அப்பெர்ச்சரும் 2007இல் வந்த அடோபியின் லைட்ரூமும் அசல் கோப்பைத் தொடாமல் திருத்தங்களைக் குறிப்புகளாகவே வைத்துக்கொண்டன. 2013இல் லைட்ரூமின் 5ஆம் பதிப்பு இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. நீண்ட பக்கம் சுமார் 2,500 புள்ளிகள் கொண்ட, ராக் கோப்பின் திருத்தும் தன்மையை இழக்காத சிறு பதிலியை அது உருவாக்கி வைத்துக்கொண்டது. அசல் படங்கள் உள்ள வன்தட்டைக் கழற்றிவிட்டாலும் மடிக்கணினியில் திருத்தத்தைத் தொடரலாம். பதிலி சிறியது என்பதால் வேலையும் வேகமாக நடக்கும்.

குறிப்புகளாக வைத்துக்கொண்டால் வேறொரு நன்மையும் உண்டு. இரைச்சல் நீக்கம், வெண்மைச் சமநிலை, வெளிச்சம், நிற வளைவு, கூர்மை எனத் திருத்தங்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் ஒன்றன் விளைவு மற்றொன்றுக்கு ஊட்டமாகச் செல்லும்படி நடக்கின்றன. பயனர் நான்காவதை மாற்றினால் முதல் மூன்றின் விளைவும் மாறப்போவதில்லை. அந்த இடைநிலை விளைவைச் சேமித்து வைத்திருந்தால் நான்காவதிலிருந்து தொடங்கினால் போதும். டார்க்டேபிள் என்ற திறந்தமூல மென்பொருள் இவ்வாறு இடைநிலைகளைச் சேமிக்கிறது. நேரம் அதிகம் பிடிக்கும் இரைச்சல் நீக்கம் வரிசையின் தொடக்கத்தில் அமைவது இங்கே உதவியாகிறது. ஒரு முறை கணக்கிட்டு வைத்துவிட்டால், பின்னால் வரும் நிறத் திருத்தங்கள் எத்தனை முறை மாறினாலும் அதைத் தொட வேண்டியதில்லை. தூரிகையால் முகத்தில் மட்டும் வெளிச்சம் கூட்டும்போது, தூரிகை பட்ட செவ்வகத்தை மட்டும் புதுப்பிப்பதும் இதே சிக்கனத்தின் இன்னொரு வடிவம்.

இவ்வளவும் கணக்கின் அளவைக் குறைக்கும் வழிகள். எஞ்சிய கணக்கை விரைவாக முடிக்கும் வழி வேறு. அங்கே எதிரி பெருக்கலோ வகுத்தலோ அல்ல, நினைவகம். ஒரு புள்ளிக்கு நான்கு எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தால் 2.4 கோடிப் புள்ளிகளுக்கு 384 மெகாபைட். ஒரு திருத்தத்துக்கு அத்தனையையும் படித்து, அத்தனையையும் திரும்ப எழுத வேண்டும். 768 மெகாபைட் போக்குவரத்து. வினாடிக்கு 51.2 கிகாபைட் கடத்தும் இரட்டைத்தட டிடிஆர்4 நினைவகத்திலும் இதற்கு 15 மில்லிவினாடி ஆகும். பத்துத் திருத்தங்களுக்கு 150. செயலி எவ்வளவு வல்லமை கொண்டதாக இருந்தாலும் 0.1 வினாடி எல்லை அங்கேயே உடைந்துவிடும். திரையளவுப் படத்துக்கோ அதே போக்குவரத்து சுமார் 56 மெகாபைட். ஒரு திருத்தத்துக்கு ஒரு மில்லிவினாடியை ஒட்டித்தான் ஆகும்.

பந்தியில் பரிமாறுவதை நினைத்துப் பார்க்கலாம். நூறு இலை போட்ட வரிசையில் ஒரே ஆள் பொரியலோடு ஒரு முறை, கூட்டோடு ஒரு முறை, அப்பளத்தோடு ஒரு முறை என்று கோடிக்குக் கோடி நடந்தால் பெரும்பொழுது நடையிலேயே கழியும். எல்லாப் பாத்திரங்களையும் ஒரே தள்ளுவண்டியில் ஏற்றி, ஓர் இலைக்கு எல்லாவற்றையும் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தால் ஒரே நடையில் வேலை முடியும். படத்தையும் அப்படியே சிறு ஓடுகளாகப் பிரித்து, ஓர் ஓட்டை எடுத்து எல்லாத் திருத்தங்களையும் அதன்மேல் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். 64 × 64 ஓடு ஒன்றுக்கு 64 கிலோபைட் போதும். செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, மிக விரைவான இடைநினைவகத்தில் அது அடங்கிவிடும். பெரிய நினைவகத்துக்கு நடை ஒன்றுதான். கிம்ப் மென்பொருளின் பழைய பதிப்புகள் படத்தை 64 × 64 ஓடுகளாகவே வைத்திருந்தன. 2005இல் ஆப்பிள் வெளியிட்ட கோர் இமேஜ், அடுத்தடுத்த வடிகட்டிகளை ஒரே நிரலாகக் கோத்து ஓட்டியது.

இந்த மாற்றத்தால் எவ்வளவு ஆதாயம் என்பதற்கு ஒரு தெளிவான அளவீடு இருக்கிறது. எம்ஐடியில் ஜோனதன் ராகன்-கெல்லியும் ஆண்ட்ரூ ஆடம்ஸும் மற்றவர்களும் 2012இல் அறிமுகப்படுத்திய ஹாலைடு என்ற நிரல்மொழி பற்றிய ஆய்வுரையில், படத்தை 3 × 3 சதுரத்தில் மங்கலாக்கும் மிக எளிய வேலையை இரண்டு விதமாக எழுதிக் காட்டினார்கள். நேரடியாக எழுதிய நிரல் ஒரு மெகாபிக்சலுக்குச் சுமார் 10 மில்லிவினாடி எடுத்தது. ஓடுகளாகப் பிரித்து, பல செயலிக் கருக்களுக்குப் பங்கிட்டு, ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும்படி எழுதிய நிரல் 1 மில்லிவினாடிக்கும் குறைவாக எடுத்தது. கணிதம் ஒன்றே; வேலை நடக்கும் வரிசை மட்டும் வேறு. ஆனால் வேகமான நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது பெரும்பாடு. எதைக் கணக்கிடுவது என்பதை ஒரு பக்கமும், எந்த ஒழுங்கில் கணக்கிடுவது என்பதை மறுபக்கமும் பிரித்து எழுத வழி செய்ததே ஹாலைடின் சாதனை. ஒழுங்கை மாற்றிப் பார்ப்பதற்காகக் கணிதத்தைக் கலைக்க வேண்டிய தொல்லை அதனால் ஒழிந்தது.

கணித முறையைத் தேர்ந்தெடுப்பதிலும் பெரும் மிச்சம் உண்டு. ஆரம் 50 புள்ளி கொண்ட காசியன் மங்கலாக்கத்தை அப்படியே செய்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றியுள்ள 101 × 101, அதாவது 10,201 புள்ளிகளைக் கூட்ட வேண்டும். முதலில் கிடைமட்டமாகவும் பிறகு செங்குத்தாகவும் செய்தால் அதே விளைவு 202 கூட்டல்களில் கிடைக்கும். நிறத்தை மட்டும் மாற்றும் திருத்தங்கள் பல சேர்ந்தாலும், எந்த நிறம் எந்த நிறமாகிறது என்பதை 33 × 33 × 33 கட்டங்கள் கொண்ட முப்பரிமாண அட்டவணையில் ஒரு முறை எழுதி வைத்துவிடலாம். அதில் உள்ளவை 35,937 பதிவுகள்தான். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் அட்டவணையில் தேடி, பக்கத்துப் பதிவுகளுக்கு இடையில் கணித்தால் போதும்.

வரைகலைச் செயலியில் ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் ஒரே நேரத்தில் இயங்குவதால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே கணக்கைச் செய்யும் படத்திருத்தம் அதற்கு மிகவும் ஏற்ற வேலை. 2008இல் போட்டோஷாப் சிஎஸ்4 திரையில் காட்டுவதற்கும் சுழற்றுவதற்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. லைட்ரூமின் திருத்தப் பகுதிக்கு அது 2015இல் வந்தது. ஆனால் படம் அங்கே போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். வினாடிக்கு சுமார் 16 கிகாபைட் செல்லும் இணைப்பில் 384 மெகாபைட்டை அனுப்ப 24 மில்லிவினாடி ஆகும். ஒரு காட்சிக்கான நேரம் அதிலேயே போய்விடும். ஆகவே படத்தை ஒரு முறை அனுப்பி அங்கேயே வைத்துக்கொண்டு, ஸ்லைடரின் எண்ணை மட்டும் மறுபடி மறுபடி அனுப்புவதே முறை. நடுவில் ஒரு திருத்தம் மட்டும் பொதுச் செயலியில் நடக்கும்படி விடப்பட்டிருந்தால், படம் போகவும் வரவுமாக இந்த ஆதாயம் முழுதும் கரைந்துவிடும்.

வேகமாகத் தோன்றுவதில் பாதி, எந்த வேலையைக் கைவிடுவது என்று முடிவெடுப்பதில் இருக்கிறது. சாதாரண யூஎஸ்பி மவுஸ் தன் இடத்தை வினாடிக்கு 125 முறை தெரிவிக்கிறது. ஒரு முன்காட்சிக்கு 50 மில்லிவினாடி பிடித்தால் வினாடிக்கு 20தான் முடியும். வந்த எல்லாக் கோரிக்கைகளையும் வரிசையில் நிறுத்தினால், ஒரு வினாடி இழுத்து முடித்ததும் 105 பழைய கோரிக்கைகள் காத்து நிற்கும்; கையை எடுத்த பிறகும் ஐந்து வினாடிக்குப் படம் தானாக ஊர்ந்துகொண்டிருக்கும். நல்ல மென்பொருள் கடைசி இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இடையில் வந்தவற்றை எறிந்துவிடும். நடந்துகொண்டிருக்கும் கணக்கையும் ஓடுகளுக்கு இடையில் நிறுத்திவிடும். ஸ்லைடர் நகரும்வரை கோபுரத்தின் மேல் அடுக்கிலிருந்து சற்று மங்கலான படத்தைக் காட்டி, கை நின்றதும் கூர்மையான படத்தை அதன்மேல் நிரப்பும். அசைவில் இருக்கும்போது கண் நுணுக்கத்தைத் தேடுவதில்லை என்பதால் இது பெரும்பாலும் உறுத்தாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லாச் சோறும் ஒரே நெருப்பில் வெந்திருந்தால்தான் செல்லும். சுருக்கிய படத்தில் எல்லாத் திருத்தங்களும் அப்படி வேகாது. வெளிச்சம், நிறம் போன்றவை புள்ளிக்குப் புள்ளி தனித்து நடப்பதால் எந்த அளவிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். மங்கலாக்கத்தின் ஆரத்தைப் படத்தின் அளவோடு சேர்த்துக் குறைக்க வேண்டும். முழுப்படத்தில் 20 புள்ளி என்றால் கால் அளவில் 5. கூர்மையாக்கத்தின் ஆரம் முழுப்படத்தில் 1 புள்ளி என்றால் கால் அளவில் 0.25 ஆகும், அதைக் காட்டவே வழியில்லை. இரைச்சலின் நிலை இன்னும் ஏமாற்றக்கூடியது. கால் அளவுக்குச் சுருக்கும்போது 16 புள்ளிகள் சராசரியாகி ஒன்றாகின்றன. தற்செயலான இரைச்சல் அதனால் நான்கில் ஒன்றாகத் தணிந்துவிடும். திரையில் பளிங்குபோல் தெரியும் இரவுப் படம் பெரிதாக அச்சிட்டால் மணல் தூவியதுபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ராதெரபி என்ற மென்பொருள், விளைவு 1:1 அளவில் மட்டுமே தெரியக்கூடிய கருவிகளின் பெயருக்குப் பக்கத்தில் 1:1 என்ற குறியையே இட்டு எச்சரிக்கிறது. போட்டோஷாப்பின் வெளிச்சப் பரவல் வரைபடமும், சுருக்கிய அடுக்கிலிருந்து கணக்கிடப்பட்டிருந்தால் மூலையில் எச்சரிக்கை முக்கோணம் ஒன்றைக் காட்டும். அதைச் சொடுக்கினால் முழுப்படத்திலிருந்து மறுபடி கணக்கிடும். வேகத்துக்காக ஒன்றை விட்டுவிட்டால் அதைப் பயனரிடம் சொல்லிவிடும் இந்தப் பழக்கம் எல்லா மென்பொருளிலும் இருக்க வேண்டிய ஒன்று.

சுருக்கும் முறையிலேயே நுழையும் பிழையும் ஒன்று உண்டு. கோப்பில் 0 முதல் 255 வரை எழுதப்படும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை. கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை. கறுப்பும் வெள்ளையும் ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாக மாறி மாறி வரும் கட்டத்தைச் சுருக்கினால் பாதி ஒளி கிடைக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபி அளவுகோலில் பாதி ஒளிக்கு உரிய எண் 188. வளைந்த எண்களையே அவசரத்தில் சராசரியாக்கும் நிரல் 128 என்று எழுதிவிடும். அது பாதி ஒளி அல்ல, ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய ஒளி. வெயிலில் மின்னும் தண்ணீர், பட்டுப்புடவையின் ஜரிகை, இலைகளுக்கு இடையே சிதறும் வெளிச்சம் ஆகியவை முன்காட்சியில் இருண்டு தெரிவது இப்படித்தான். சுருக்குவதற்கு முன் எண்களை நேர் விகிதத்துக்கு மாற்றி, சுருக்கிய பிறகு மறுபடி வளைத்தால் இருட்டு விலகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதலாக இரண்டு மாற்றங்கள் ஆகும். 256 பதிவுகள் கொண்ட சிறு அட்டவணை இருந்தால் நேர் விகிதத்துக்கு மாற்றும் வேலை ஒரு தேடலோடு முடிந்துவிடும்.